200 மீட்டரில் காணாமல் போன ஊருணிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கே தூர்வாரினார்கள், எங்கே ஆக்கிரமித்தார்கள், எங்கே வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கிறது என்று ஊருணி, கண்மாய் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். இப்போதெல்லாம் அந்தச் செய்திகளோடு செயற்கைக்கோள் படத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைத்த வரைபடமும் வருகிறது. புள்ளி ஒரு இடத்திலிருந்து வந்திருக்கும், அடியில் இருக்கும் படம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது நடக்கிற ஒரு தவறைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவறால், கண் முன்னால் தண்ணீரோடு கிடக்கிற ஊருணிகளைப் பழைய வரைபடத்தில் ‘இல்லை’ என்று நாங்களே எழுதிக் கொடுக்க இருந்தோம்.

நான் காரைக்குடியில் கட்டட பிளான், லேஅவுட் வரைந்து கொடுக்கிற தொழில் செய்கிறவன். போன கோடையில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஊருணிகளைக் கணக்கெடுத்தார்கள், நானும் கூடப் போனேன். செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஊருணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இது பெரிய ஆறு எதையும் நம்பி உட்கார்ந்த ஊர் இல்லை. ஓட்டுக் கூரையில் விழுகிற மழை வளவுக்குள் இறங்கி, வீட்டு மடையைத் தாண்டித் தெருக் காலுக்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போய்ச் சேரும்படி அந்தக் காலத்திலேயே வாட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். செம்பாறாங்கல்லில் படி கட்டி, நாலு பக்கமும் கரை போட்டு, வரத்து வாயில் வண்டல் தேங்க இடம் விட்டு, ஒவ்வொன்றும் ஒரு வேலைப்பாடு. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றன. மாளிகை வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் இந்தத் தண்ணீர் ஏற்பாட்டையும் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஊருணியின் படித்துறையிலும் நின்று செல்போன் ஜிபிஎஸ்ஸில் அட்சமும் தீர்க்கமும் குறித்துக்கொண்டோம். மொத்தம் 41 புள்ளிகள். அதில் 9 கண்மாய், 32 ஊருணி. இதே இடங்களில் பழைய வரைபடத்திலும் நீர்நிலை இருந்ததா என்று தெரிந்தால் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசக் கையில் ஆதாரம் இருக்குமே என்று, பல வருடங்களுக்கு முன் அச்சான சர்வே ஆஃப் இந்தியா நிலவரைபடத்தை ஸ்கேன் செய்து கணினிப் படமாக மாற்றி வைத்திருந்த ஒரு நிறுவனத்திடம் அதைக் கேட்டு வாங்கினோம். காரைக்குடி விழுகிற தாள் 58 ஜே/16. அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நீர் என்றால் 1, நன்செய் 2, புன்செய் 3, குடியிருப்பு 4 என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். இப்படிக் கட்டம் கட்டமாக எண் வைத்த படத்தைத்தான் ராஸ்டர் என்கிறோம். நம் புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்தின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான் வேலை.

கணினி ஒரு நொடியில் பட்டியல் போட்டுக் கொடுத்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை, புள்ளிகளும் காரைக்குடி மேல்தான் உட்கார்ந்திருந்தன. 9 கண்மாய்க்கும் எண் 1, அதாவது நீர். ஆனால் 32 ஊருணிகளில் 27க்கு 3 அல்லது 4 என்று வந்தது. புன்செய், குடியிருப்பு. அதாவது அந்தக் காலத்தில் அங்கே ஊருணியே கிடையாதாம்.

நாங்கள் அதை நம்பிவிட்டோம் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அச்சடித்த வரைபடம், கணினிக் கணக்கு, அப்புறம் என்ன சந்தேகம்? பின்னால் வெட்டிய ஊருணிகளாக இருக்கும் என்று ஒரு பையன் அறிக்கையில் எழுதியே விட்டான். அதை ஊராட்சியில் கொடுக்கப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், கடைசியாக ஒரு போட்டோ எடுக்கலாம் என்று அந்த 27இல் ஒன்றான ஊருணிக்குப் போனோம். கரையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவரிடம் பேச்சுவாக்கில், இது எப்போது வெட்டியது ஆச்சி என்று கேட்டேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எப்ப வெட்டுனதா? நான் வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த அன்னைக்கே இந்தத் தண்ணியிலதான் பொங்கிப் போட்டாக தம்பி. படிக்கல்லைப் பாரு, எம்புட்டுத் தேஞ்சு கெடக்குன்னு” என்றார். குனிந்து பார்த்தேன். தண்ணீரை ஒட்டிய மூன்றாவது படியில் குடம் வைத்து வைத்து, குடத்தின் அடி உட்காருகிற அளவுக்கு வட்டமாகக் குழி விழுந்திருந்தது. ஒரு குழி இல்லை, வரிசையாக ஐந்தாறு. நாற்பது ஐம்பது வருடத்தில் கல் அப்படித் தேயாது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்மாய் ஒன்பதும் ஏன் சரியாக வந்தன? ஊருணி மட்டும் ஏன் தப்பின? அளவுதான் காரணம் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு ஏக்கர் ஊருணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 64 மீட்டர்தான் வரும். கண்மாயோ கிலோமீட்டர் கணக்கில் கிடக்கும். புள்ளி ஒரு 200 மீட்டர் நகர்ந்தால் கண்மாய்க்குள்ளேயே வேறு இடத்தில் விழும், எண் மாறாது. ஊருணியை விட்டு அது வெளியே போய் யார் வீட்டு முகப்பிலோ விழும். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து மறு தெருவில் பின்கட்டு முடிகிற நீளம். 200 மீட்டர் என்றால் அந்த மாதிரி வீட்டையும் தாண்டி அடுத்த தெரு. உடனே ஸ்கேன் படத்தை அடியில் போட்டு, மேலே கோயில் கோபுரம், ரயில்வே கேட், ஒரு கண்மாயின் கலுங்கு என்று இரண்டிலும் கண்ணுக்குத் தெரிகிற மூன்று இடங்களை ஒப்பிட்டேன். மூன்றும் ஒரே திசையில், 200 மீட்டரை ஒட்டி ஒரே தூரம் விலகியிருந்தன. ஒரு மீட்டர் கூட்டிக் குறைத்துக் கிடந்தால் கை தவறு எனலாம். மூன்றும் சொல்லி வைத்தாற்போல ஒரே அளவு தள்ளி நின்றால் அடிப்படை அளவையே மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். அந்தத் தாளின் நான்கு மூலைகளிலும் அட்சமும் தீர்க்கமும் அச்சிட்டிருக்கும். 58 ஜே/16 என்றால் 78 பாகை 45 கலையிலிருந்து 79 பாகை வரை, 10 பாகையிலிருந்து 10 பாகை 15 கலை வரை. ஸ்கேன் செய்தவர்கள் அந்த மூலை எண்களை வைத்துப் படத்தைப் பூமியில் பொருத்திவிட்டு, எந்த ஆயமுறை, அதாவது எந்த அளவைப்படி போட்ட எண்கள் என்று மென்பொருள் கேட்டபோது எல்லோரும் போடுகிற டபிள்யூஜிஎஸ் 84 என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். செல்போன் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84தான். ஆனால் பழைய தாளில் இருக்கிற எண்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்கிற பழைய அளவையின்படி போட்டவை. இரண்டிலும் 78 சொச்சம், 10 சொச்சம் என்றுதான் எண் இருக்கும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரே 78.78 தீர்க்கம் என்பது இரண்டு முறையிலும் தரையில் ஒரே இடம் இல்லை.

நம் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கமும் உண்டு, திருக்கணிதப் பஞ்சாங்கமும் உண்டு. வானத்தில் சனி ஒன்றுதான், ஆனால் சனிப்பெயர்ச்சி இரண்டிலும் வேறு வேறு தேதியில் வரும், கணக்கு வேறு என்பதால். ஒன்றை வைத்து நாள் குறித்தால் கடைசி வரை அதையே பார்க்க வேண்டும், இதில் பாதி அதில் பாதி என்று யாரும் கலக்க மாட்டார்கள். வரைபடத்திலும் அதே கதைதான். பூமி சரியான உருண்டையும் இல்லை, சீரான நீள்வட்டமும் இல்லை. எந்த நீள்வட்டத்தை அதன் மேல் எப்படிப் பொருத்தி அளந்தோம் என்பதைப் பொறுத்து அட்ச தீர்க்கம் மாறும். எவரெஸ்ட் நீள்வட்டம் 1830ஆம் ஆண்டுக் கணக்கு. அதன் பூமத்திய ரேகை ஆரம் இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 ஆரத்தைவிடச் சுமார் 860 மீட்டர் குறைவு. மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாக வைத்து இந்தியாவுக்கு நன்றாகப் பொருந்தும்படி அதைப் போட்டார்கள். டபிள்யூஜிஎஸ் 84 பூமியின் மையத்திலிருந்து உலகம் முழுவதற்கும் போட்டது.

பழைய அளவையைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை அது. 1808இல் அந்த அளவையை நடத்திய லாம்டன் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றினார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிப் போனது. அதைத் தானே உட்கார்ந்து சரிசெய்து மறுபடியும் அளந்த மனிதர் அவர். அப்படி அளந்த தாள் அதன் அளவையில் மிகச் சரியாகவே இருக்கிறது. அதை வேறு அளவையின் பெயர் போட்டுக் கொடுத்ததும், கேள்வி கேட்காமல் நாங்கள் வாங்கிப் பயன்படுத்தியதும்தான் தப்பு.

இதில் நிறையப் பேர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அளவையின் பெயரை மாற்றுவது வேறு, அளவையையே மாற்றுவது வேறு. மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கிறது. முதலாவது ‘இந்தப் படம் இன்ன முறையில் இருக்கிறது’ என்று சீட்டு ஒட்டுவது. அதில் ஓர் எண்கூட மாறாது. இரண்டாவது ஒவ்வொரு எண்ணையும் கணக்குப் போட்டு மறு முறைக்குக் கொண்டுபோவது, ரீப்ரொஜெக்ட் என்பார்கள். எங்கள் பாட்டன்மார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள். மலாயா டாலரில் எழுதிய பேரேட்டின் தலைப்பை ரூபாய் என்று திருத்திவிட்டால் டாலர் ரூபாயாகிவிடுமா? அன்றைய மாற்று விகிதம் போட்டு வரி வரியாக மாற்றினால்தான் ஐந்தொகை சேரும். வரைபடத்தில் தினமும் இந்தத் தலைப்பு மாற்றம்தான் நடக்கிறது. புள்ளியும் படமும் சேரவில்லையா, இரண்டுக்கும் ஒரே பெயரை ஒட்டிவிடு, சரியாகிவிடும் என்று கற்றுக்கொடுக்கிறவர்களையே பார்த்திருக்கிறேன். பெயர் ஒன்றாகிவிடும், எச்சரிக்கையும் நின்றுவிடும், தவறு மட்டும் உள்ளேயே தங்கிவிடும்.

நாங்கள் திருத்தியது இப்படி. முதலில் ஸ்கேன் படத்தில் ஒட்டியிருந்த தவறான சீட்டைக் கிழித்துவிட்டு எவரெஸ்ட் அளவை என்று சரியான சீட்டை ஒட்டினோம். இங்கே சீட்டு மாற்றுவது சரி, ஏனென்றால் எண்கள் உண்மையிலேயே அந்த அளவையில்தான் இருந்தன, பெயர்தான் தப்பு. அடுத்து, படத்தைத் தொடாமல், எங்கள் 41 புள்ளிகளை டபிள்யூஜிஎஸ் 84இலிருந்து எவரெஸ்ட்டுக்குக் கணக்குப் போட்டு மாற்றினோம். அப்புறம் எண்களை எடுத்தோம்.

படத்தை ஏன் மாற்றவில்லை, புள்ளியை ஏன் மாற்றினோம் என்று கூட இருந்த பையன்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. புள்ளிக்கு இருப்பது இரண்டே எண்தான், அதை மாற்றினால் எதுவும் சிதையாது. ராஸ்டரை மாற்றினால் பழைய கட்டங்கள் புது முறையில் சற்றுச் சாய்ந்தும் விலகியும் நிற்கும், அதனால் மென்பொருள் புதிதாகக் கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து எண்ணை மறுபடி நிரப்பும். எங்கள் படத்தில் நீருக்கு 1, வீட்டுக்கு 4. சராசரி எடுக்கும் முறையில் நிரப்பினால் ஊருணிக் கரையில் இரண்டரை என்று வரும். இரண்டரை என்றால் என்ன நிலம்? நன்செய்க்கும் புன்செய்க்கும் நடுவே ஒன்று என்று கணினி சொல்லும், தரையில் அப்படி எதுவும் இல்லை. வேறு வழியே இல்லாமல் வகைப் படத்தை மாற்றத்தான் வேண்டும் என்றால் மிக அருகில் இருக்கிற கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயரம், மழையளவு மாதிரிப் படிப்படியாக மாறுகிற எண்களுக்குச் சராசரி முறை பொருந்தும். ஆனால் முடிந்த வரை புள்ளியை நகர்த்துங்கள், படத்தை அது இருக்கிற இடத்திலேயே விடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு தவறுகளும் உண்டு. அவை உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அவ்வளவு பயம் இல்லை. அட்சத்தையும் தீர்க்கத்தையும் எக்செல் பத்தியில் இடம் மாற்றிப் போட்டால் காரைக்குடி வட துருவப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். பாகையில் இருக்கிற எண்களை, பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற யூடிஎம் முறையின் நம் மண்டலத்து மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் மொத்தப் புள்ளிகளும் மாலத்தீவுக்குக் கிழக்கே பூமத்திய ரேகை மேல் நடுக்கடலில் ஒரே குவியலாகக் கிடக்கும். யூடிஎம் மண்டலம் தப்பினாலும் அப்படித்தான். தமிழ்நாடு இரண்டு யூடிஎம் மண்டலங்களில் கிடக்கிறது, 78 பாகைத் தீர்க்கத்துக்கு மேற்கே 43, கிழக்கே 44. கோயம்புத்தூரும் தேனியும் 43, மதுரையும் செட்டிநாடும் 44. வைகை அணை 43இல் இருக்கிறது, அந்த ஆறு மானாமதுரைக்கு வரும்போது 44க்குள் வந்துவிடுகிறது. தேனி நண்பர் அனுப்பிய கோப்பின் அமைப்பிலேயே நம் புள்ளிகளைச் சேர்த்தால் காரைக்குடி லட்சத்தீவுக் கடலுக்குப் போய்விடும். பார்த்தவுடனே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். பாகை கலை விகலையைத் தசமம் போல எழுதுகிறவர்கள் நிறைய. 10 பாகை 4 கலை 30 விகலை என்பது 10.075. அதை 10.0430 என்று எழுதிவிட்டால் மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போகும், அடுத்த ஊருக்கு.

கண்ணுக்குத் தெரியாத ரகத்தைத்தான் பார்த்து நடக்க வேண்டும். எவரெஸ்ட் கதை அதில் ஒன்று. இன்னொன்று உயரம். ஊருணியின் உயரத்தை ஜிபிஎஸ்ஸிலும் பார்த்து, செயற்கைக்கோள் உயரப் படத்திலிருந்தும் எடுத்தால் இரண்டும் 90 மீட்டர் அளவுக்கு முரண்படும். ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது நீள்வட்டத்திலிருந்து உயரம், 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் படம் தருவது கடல்மட்டத்தை ஒட்டிய உயரம். தென்னிந்தியாவில் இந்த இரண்டுக்கும் இடைவெளி உலகத்திலேயே அதிகம் என்று சொல்லும்படியான இடத்துக்குப் பக்கத்தில் நாம் இருக்கிறோம். அதனால்தான் சில செல்போன் செயலிகளில் காரைக்குடி கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதாக வரும். கருவி கெட்டுப்போகவில்லை, அளக்கத் தொடங்கிய தளம் வேறு.

பரப்பளவிலும் இப்படி ஒன்று உண்டு. இணையத்தில் நாம் பார்க்கிற பெரும்பாலான வரைபடங்கள் வெப் மெர்கேட்டர் என்கிற முறையில் இருக்கும். நம் அட்சத்தில் அது நீளத்தை ஒன்றரை சதவீதம் கூட்டிக் காட்டும், பரப்பில் மூன்று சதவீதம். நூறு ஏக்கர் கண்மாயை அந்தத் தளத்தின் மீட்டரிலேயே நேராகக் கணக்கிட்டால் 103 ஏக்கர் வரும். ஆக்கிரமிப்பு வழக்கில் அந்த மூன்று ஏக்கர் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் நிருபர்களுக்கே தெரியும்.

இன்னொன்று, இன்றைய மென்பொருள்கள் எல்லாம் திரையில் வெவ்வேறு முறைகளை உடனுக்குடன் மாற்றிப் பொருத்திக் காட்டிவிடுகின்றன. க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும், எதைப் போட்டாலும் ஒன்றின் மேல் ஒன்று அழகாக உட்காரும். அது பார்ப்பதற்கான வசதி மட்டும்தான். கட்டத்து எண்ணைப் புள்ளிக்கு எடுக்கும் கருவிகளில் சில தாமாக மாற்றிக்கொள்ளும், சில கோப்பில் இருக்கிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். சொந்தமாகப் பைத்தானில் நிரல் எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது ரகத்தில்தான் மாட்டுகிறார்கள். எனவே படத்தின் நான்கு ஓர எண்களையும் புள்ளிகளின் நான்கு ஓர எண்களையும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 78.78 என்றும் மற்றது ஆறு ஏழு இலக்கத்திலும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். எண்கள் ஒன்றுபோல இருந்தாலும் விட்டுவிடாமல், கோபுரம், கேட், கலுங்கு என்று நமக்குத் தெரிந்த இடங்களை நேராகப் பார்க்க வேண்டும். விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவா, டேட்டம், அதாவது எவரெஸ்ட்டா டபிள்யூஜிஎஸ் 84ஆ என்கிற அடிப்படை அளவை மாறியிருக்கும். போகப் போகக் கூடுகிறதா, உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கிற முறையான புரொஜெக்ஷனையோ அளவுகோலையோ பார்க்க வேண்டும். சரியாக அரைக் கட்டம் மட்டும் தள்ளி நிற்கிறதா, ஒருவர் கட்டத்தின் நடுவைக் குறித்திருப்பார், இன்னொருவர் மூலையைக் குறித்திருப்பார். அரை மணி நேர வேலை.

புலப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டாவோடு வாங்குகிற, எஃப்எம்பி என்கிற அந்தப் புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் கண் பார்வைக்கு இழுத்து, சுருக்கி, திருப்பி ஒட்டி, ‘பாருங்கள், என் சர்வே எண் ஊருணிக்குள் வரவில்லை’ என்று கொண்டுவருகிறவர்கள் என் கடைக்கே வருகிறார்கள். புலப்படத்தில் எல்லைக் கல்லிலிருந்து கல்லுக்கு அளவு இருக்கும், அட்ச தீர்க்கம் சாதாரணமாக இருக்காது. தரையில் அந்தக் கல்லைக் கண்டுபிடித்து, அங்கே நின்று இடம் குறித்து, பிறகுதான் அதை மேலே போட முடியும். கல்லைப் பார்க்காமல் இழுத்து ஒட்டியதை ஆதாரம் என்று எந்த அதிகாரியும் ஏற்கக் கூடாது. என்னிடம் கேட்டு வந்தவர்களை அப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

திருத்திய பிறகு என்ன வந்தது என்று சொல்லவில்லையே. 32 ஊருணிகளில் 30க்கு 1 என்று வந்தது, நீர். மீதி இரண்டு உண்மையிலேயே பின்னால் வெட்டியவை, அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். முந்தின பட்டியலை மட்டும் கொடுத்திருந்தால் பழைய வரைபடத்தில் இருக்கிற 25 ஊருணிகளையும் அதில் இல்லாதவை என்று சொல்லி எங்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் ஊராட்சியில் இருந்திருக்கும். வரத்துக்காலை அடைத்து வீடு கட்ட நினைக்கிறவர் கையில் அது கிடைத்தால் அதை வைத்தே வாதாடியிருப்பார், அதில் கணினிக் கணக்கு என்று வேறு இருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆச்சி சொல்லவில்லை என்றால் அன்று கொடுத்திருப்போம்.

அதனால் உங்களிடமும், ஊருணி கணக்கெடுக்கும் எல்லோரிடமும், படம் தரும் அலுவலகங்கள் நிறுவனங்களிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும், எந்தப் புள்ளிப் பட்டியலைக் கொடுத்தாலும், அது எந்த ஆயமுறையில், எந்த டேட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பழைய தாளிலிருந்து வந்தது என்றால் தாள் எண்ணையும் ஆண்டையும் எழுதுங்கள். 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இல், யூடிஎம்மில் வருகின்றன. அதற்கு முந்தியவை அப்படி இல்லை. ஒரே ஊருக்கு இரண்டு வகைத் தாளும் நடமாட்டத்தில் இருக்கும்போது ஆண்டு எழுதாமல் கொடுப்பது சரியில்லை. ஷேப் ஃபைல் என்கிற வரைபடக் கோப்புத் தொகுதியை அனுப்புகிறவர்கள் பிஆர்ஜே என்று முடிகிற சின்னக் கோப்பைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முறை எழுதியிருப்பதே அதில்தான், தயவுசெய்து அதையும் சேர்த்து அனுப்புங்கள். எக்செல்லில் கொடுத்தால் மேலே ஒரு வரி போதும்: டபிள்யூஜிஎஸ் 84, தசமப் பாகை, முதல் பத்தி அட்சம், இரண்டாம் பத்தி தீர்க்கம்.

உங்கள் நாளிதழில் வரைபடம் அச்சிடும்போது வடக்குக் குறியும் அளவுகோலும் போடுகிறீர்களே, அதன் பக்கத்தில் இதையும் பொடி எழுத்தில் போட்டுவிடலாம். அரை வரி இடம்தான் பிடிக்கும். உங்கள் படத்தை வைத்துக்கொண்டு எங்கோ ஓர் ஊரில் ஒரு பையன் தன் ஊர் ஊருணிப் புள்ளியை மேலே போட்டுப் பார்ப்பான், இன்றைக்கு அப்படித்தான் நடக்கிறது.

தேவகோட்டைப் பக்கத்து ஊர்கள் எங்களுக்கு இன்னும் பாக்கி. பத்துப் பாகை அட்சத்துக்குத் தெற்கே இருப்பதால் அவை 58 கே/13 என்ற வேறு தாளில் வருகின்றன. அதையும் ஸ்கேன் செய்து, இந்தத் தடவை சரியான சீட்டு ஒட்டி, ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறோம். ஆச்சியிடம் அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் ஊருணிப் பெயருக்கு எதிரே ‘நீர்’ என்று இருந்ததை விரல் வைத்துப் படித்துவிட்டு, “பெரிய ஊருணிக்கு என்ன போட்டிருக்கு, அதையும் பாரு தம்பி” என்றார். அது தேவகோட்டைப் பக்கம் அவர் பிறந்த ஊர் ஊருணி. அடுத்த வாரம் அங்கேதான் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி